மழை, நான்கு தாள்களில்

இருபத்தெட்டுக் கட்டுரைகள்.
இருபத்தாறில் முதல் வரி ஒன்றே:
‘மழை இயற்கையின் கொடை.’
மீதி இரண்டில்
கொடை, குடை ஆகியிருந்தது.
எனக்குப் பிடித்தவை அந்த இரண்டும்தான்.
சிவப்பு மையால் திருத்தினேன்,
வேறென்ன செய்ய.

ஜெலுத்தோங்கில் எங்கள் பள்ளி.
ஆண்டு நான்கு, மாடி வகுப்பு,
மூன்று காற்றாடிகளில் ஒன்று சுற்றாது.
‘ஐந்து விரலும் ஒன்றா’ என்போம்
ஆசிரியர் அறையில் மைலோ கலக்கியபடி.
பிறகு மணி அடிக்கும்.
ஒரே மோதிரத்தை எடுத்துக்கொண்டு
ஐந்து விரலுக்கும் மாட்டிவிடப் போவோம்.

இந்த முறை
இரவு பதினொன்று வரை உட்கார்ந்து
நான்கு விதத் தாள் தயாரித்தேன்.
பச்சை: மழையை எழுது.
மஞ்சள்: மழையை வரை.
நீலம்: மழையின் ஓசைகளைச் சேர்,
சொல் கிடைக்காவிட்டால் சொல் செய்.
வெள்ளை: மழையை அள,
எப்படி என்பது உன் பாடு.

மேசையில் பரப்பி,
‘பிடித்ததை எடுங்கள்’ என்றேன்.
ஒருவரும் எழவில்லை.
நான்கு வருடம் கட்டியிருந்த கைகள்
அவ்வளவு சுலபத்தில் நீளாது.
‘எதுக்கு மார்க் கூட, டீச்சர்?’
லோகேந்திரன்.
‘எல்லாத்துக்கும் ஒன்னுதான்.’
‘அப்போ ஏன் நாலு?’
அதற்கு நான் தாள் தயாரித்திருக்கவில்லை.

யஸ்வினி அழுதேவிட்டாள்.
எல்லாத் தேர்விலும் முதலாக வருகிறவள்.
‘நீங்களே ஒன்னு குடுங்க டீச்சர்.
நான் எடுத்தது தப்பா இருந்தா?’
நான்கையும் பைக்குள் வைத்து அனுப்பினேன்.

பவதாரணி நீலத்தோடு மேசைக்கடியில் போனாள்.
லோங்காங் தண்ணீர் குடிக்கும் சத்தம்
‘க்ளொப்’ இல்லையாம்,
‘க்ளோஓஓப்’பாம்.
அந்த ‘ஓ’க்கள் தாளின் விளிம்பைத் தாண்டி
மேசையிலும் கிடந்தன.

தர்வின் பச்சையை எடுத்தான்.
எழுத்துகள் அவனுக்கு நின்று கொடுக்காதவை,
‘ள’வும் ‘ன’வும் இடம் மாறி ஓடும்.
உனக்கு மஞ்சள்தானே என்று
நுனி நாக்கு வரை வந்துவிட்டது.
அவனுக்காகத்தான் மஞ்சளே செய்தேன்.
மூன்று வரி எழுதினான்.
ஒன்றை நான் படித்தேன்.
மற்ற இரண்டை
அவன் எனக்குப் படித்துக் காட்டினான்,
மெதுவாக, நான் பின்தங்கிவிடாதபடி.

லோகேந்திரனிடம் வெள்ளை.
அளவுகோல் கேட்கவில்லை, போத்தல் கேட்கவில்லை.
கட்டம் போட்டு நிரப்பியிருந்தான்:
தூறல், பத்து நிமிடம்.
சாதா மழை, அரை மணி.
இடியோடு, ஒரு மணி இருபது.
கீழே பொடி எழுத்தில்:
‘அம்மாவுக்கு ஃபேக்டரி ஏழு மணிக்கு முடியும்.
மழை வந்தால் மோட்டாரோடு
மேம்பாலத்துக்கு அடியில் நிற்பார்.
எவ்வளவு லேட்டோ அவ்வளவு மழை.’
கடைசிக் கட்டத்தில்
தீபாவளிக்கு முந்திய நாள்.
‘தெரியவில்லை. தூங்கிவிட்டேன்.’

மாலையில் அடைவு நிலைப் பாரத்தைத் திறந்தேன்.
ஒன்று முதல் ஆறு வரை எண்கள்.
அவன் பெயருக்கு நேரே
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
எவ்வளவு நேரம் இருந்தேனோ.
கணவர் சோறு ஆறுகிறது என்றார்.
இன்னும் அந்தக் கட்டம் காலி.

திங்கட்கிழமை யஸ்வினி தாளை நீட்டினாள்.
பச்சை.
முத்து முத்தாக:
‘மழை இயற்கையின் கொடை.’
‘இதை நீயேதான் எடுத்தியா?’
குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்திருக்கும்.
‘ஆமா டீச்சர்.
நாலையும் வீட்ல செஞ்சு பார்த்தேன்.
எனக்கு இதான் பிடிச்சிருக்கு.’

சிவப்புப் பேனாவை மூடினேன்.
ஜன்னலுக்கு வெளியே
பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது.
குடை கொண்டு வந்தவர்கள்
குடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.
லோகேந்திரன்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.